நாக்குக்கு அடியில்

போன பங்குனியில் ஒரு ராத்திரி. மணி பதினொன்று தாண்டியிருக்கும். பக்கத்துச் சந்துத் தங்கச்சி வந்து கதவைத் தட்டினாள். கூடப்பிறந்தவள் இல்லை, எங்கள் பக்கம் அப்படித்தான் உறவு சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வோம். மூச்சு வாங்க நின்றுகொண்டு சொன்னாள்: “ணா, வண்டி வந்துகினு கீது. நாலு பேர் வர்றாங்களாம். இருந்தாலும் இவன் பேயாட்டம் உதறுவான். நீ வந்து காலை மட்டும் புடிச்சிக்கோணா. உன் மேல கை வைக்க மாட்டான்.”

அவள் மகனுக்கு வயசு 19. மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் லோடு வேலை. வலி மாத்திரைப் பழக்கம். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: டேபெண்டடால் என்று அட்டையில் போட்டிருக்கும் வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிற பழக்கம் இன்றைக்கு வடசென்னைப் பையன்களிடம் இருக்கிறது. டிரமடால் என்ற வலி மாத்திரையை 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஒன்றுக்குக் கெடுபிடி வந்தால் இன்னொன்று தெருவுக்கு வருகிறது. வண்டியில் வரப்போகிறவர்கள் செங்குன்றம் தாண்டி இருக்கிற ஒரு தனியார் ‘மறுவாழ்வு இல்ல’த்து ஆட்கள். மூன்று மாசம் உள்ளே வைத்திருப்பார்களாம். முன்பணம் 15,000 ரூபாய். காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்துக் கட்டியிருந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. காரணம் இருக்கிறது. இதே வேலையை நான் ஒருதரம் செய்திருக்கிறேன். 2003இல். அன்றைக்கும் காலைத்தான் பிடித்தேன். அந்தக் காலுக்குச் சொந்தக்காரன் இன்றைக்கு இல்லை.

இதை எழுதுவதா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். எழுதினால் நான் யார் என்பதும் வெளியே வரும். வரட்டும்.

நான் பிறந்தது 1973இல், காலடிப்பேட்டையில். 1717 முதல் 1720 வரை சென்னைப் பட்டணத்துக் கவர்னராக இருந்த கம்பெனிக்காரன் ஜோசப் காலெட், நெசவாளிகளைக் குடிவைத்து உண்டாக்கிய ஊர் இது. காலெட் பேட்டைதான் ஜனங்கள் வாயில் தேய்ந்து காலடிப்பேட்டை ஆனது. 2021இல் திறந்த மெட்ரோ ரயில் ஸ்டேஷனுக்கும் அதே பேர்தான். சின்னப் பிள்ளையில் எனக்கு இந்த வரலாறு தெரியாது. “காலடியில கெடக்கிறவன்லாம் காலடிப்பேட்டை” என்று எங்கள் வகுப்பில் ஒரு வாத்தியார் சொல்லிச் சிரிப்பார். அதுதான் அர்த்தம் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். கான்ட்ராக்ட் கூலி. நானும் 17 வயசில் போனேன். உர மூட்டை, கோதுமை மூட்டை. சாயங்காலம் வீடு திரும்பும்போது தோளும் இடுப்பும் நம்முடையதாகவே இருக்காது. நைனா அந்த வலிக்குச் சாராயம் குடித்தார். எங்கள் காலத்தில் பவுடர் வந்துவிட்டது. பவுடர் என்றால் பிரவுன் சுகர், கச்சா ஹெராயின். 1980களிலேயே மெட்ராசுக்குள் இறங்கிவிட்ட சரக்கு. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் போட்டு அடியில் தீ காட்டி, வரும் புகையை இழுக்கவேண்டும். 1993இல் முதல்முறை இழுத்தேன். அன்றைக்கு ராத்திரிதான் பல மாசத்துக்கு அப்புறம் இடுப்பு வலிக்காமல் தூங்கினேன்.

“கொழுப்பெடுத்துப் போய்ப் பழகினான்” என்பது பொதுப்புத்தி. கொழுப்பு எங்கிருந்து வரும், கஞ்சி குடித்த உடம்புக்கு? அபினி என்பதே ஆதியில் வலி மருந்துதான். காலடிப்பேட்டையை உண்டாக்கிய அதே கம்பெனி 1773இல் வங்காளத்து அபினி வியாபாரத்தைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டு, சீனாக்காரன் தலையில் அதைக் கட்டிக் காசு பார்த்தது. 1820இல் காஜிப்பூரில் தொடங்கிய அபினி ஆலை இன்றைக்கும் இந்திய அரசாங்கத்து ஆலையாக ஓடுகிறது, மருந்துக்காக. ஆக, அபினியால் சம்பாதித்தவன் கவர்னர், கனவான். அதில் விழுந்தவன் மட்டும் பொறுக்கி.

நான் தனியாக விழவில்லை. நாங்கள் ஏழு பேர். 1990களின் நடுவில் பவுடர் கிராக்கியாகிவிட்டது. அப்போது ஊசி வந்தது. பூப்ரினார்ஃபின் என்று ஒரு வலி மருந்து. சின்னக் கண்ணாடிக் குப்பி. மருந்துக் கடையிலேயே கிடைத்தது, பவுடரைவிட மலிவு. ஏழு பேருக்கு ஒரு ஊசி. அதைக் குழாய்த் தண்ணியில் கழுவுவோம். கழுவினால் சுத்தம் என்று நினைத்தோம். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை முதன்முதலாகக் கண்டுபிடித்ததே இந்தச் சென்னையில்தான். 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். பத்து வருஷம் கழித்து, அதே ஊரில், ஒரே ஊசியை ஏழு பேர் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருந்தோம். ஒருத்தரும் வந்து எங்களிடம் சொல்லவில்லை. ஏழு பேரில் நாலு பேர் இன்று இல்லை. இரண்டு பேர் எய்ட்ஸில் போனார்கள். ஒருத்தன் ரயிலில் அடிபட்டான். நாலாவது ஆளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அவனும் நானும் ஒரே வயசு. அம்பேத்கர் நூற்றாண்டு வருஷமான 1991இல் எங்கள் சேரியில் சங்கம் தொடங்கியபோது போர்டு எழுதியது அவன்தான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவான். 1995இல் சங்கத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள்: பவுடர் அடிக்கிறவன் சங்கத்துப் படி ஏறக்கூடாது. அவன் எழுதிய போர்டுக்குக் கீழேயே அந்த அறிவிப்பையும் ஒட்டினார்கள். அவன் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. நான் வந்துகொண்டிருந்தேன். நான் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, நிறுத்திவிட்டேன் என்று பொய் சொன்னேன். அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

2003இல் அவன் வீட்டார் ஓர் இல்லத்துக்கு ஆள் அனுப்பச் சொன்னார்கள். “நீ திருந்தினவன், நீ சொன்னா கேப்பான், வந்து பிடி” என்று என்னைக் கூப்பிட்டார்கள். அன்று காலையில்கூட நான் ஊசி போட்டிருந்தேன். அந்த நிலையில்தான் போய் அவன் காலைப் பிடித்து வண்டியில் ஏற்றினேன். அவன் கத்தவில்லை. என் முழுக்கைச் சட்டையைப் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உள்ளே அவனை ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்களாம். முதல் பத்து நாள் பேதி, வாந்தி, எலும்புக்குள் புகுந்து குடைகிற வலி. மருந்து என்று ஒன்றும் கிடையாது. பச்சைத் தண்ணியைத் தலையில் ஊற்றுவது, பிரார்த்தனை, அடி. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான், 2001 ஆகஸ்ட் 6இல், ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிக்கிடந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்து செத்தார்கள். நாடே பதறியது. ஆனால் ‘குடிகாரனை, பவுடர்காரனைக் கட்டித்தான் வைக்கணும்’ என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மூன்று மாசம் கழித்துச் சதை போட்டு வந்தான். தெருவில் மாலை போட்டார்கள். பிரியாணி ஆக்கினார்கள். சங்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஐந்தாவது நாள் மார்க்கெட்டுக்குப் பின்னாலிருக்கிற பொதுக் கழிப்பறையில் கிடந்தான். ஊசி கையிலேயே இருந்தது.

“திருந்தி வந்தும் திரும்பவும் அதே புத்தி” என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது புத்தியில்லை, உடம்பு என்று எனக்குத் தெரிய பத்து வருஷம் ஆனது. தினமும் போடுகிற உடம்பு அந்த அளவுக்குப் பழகி நிற்கும். மூன்று மாசம் போடாமல் இருந்தால் அந்தத் தாங்குசக்தி போய்விடும். ஆனால் ஆசை போகாது. ஆசை பழைய அளவையே கேட்கும்; உடம்பு புது ஆள் உடம்பாக இருக்கும். மூச்சு நின்றுவிடும். வெறுமனே நிறுத்த வைத்து வெளியே அனுப்பினால், அனுப்பிய முதல் சில வாரங்கள்தான் சாவுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற காலம். இது உலகம் பூராவும் மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். நின்ற மூச்சைத் திரும்பக் கொண்டுவர நாலோக்சோன் என்று ஒரு மருந்தும் இருக்கிறது. பக்கத்தில் இருக்கிற ஆட்கள் கையிலேயே அதைக் கொடுத்துவையுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் சொன்னது. எங்கள் சந்துகளில் அதை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

எனக்கு 2013இல் மாத்திரை கிடைத்தது. எய்ட்ஸ் தடுப்பு வேலைக்காகத் தெருவுக்கு வந்த ஒரு தோழர் கூட்டிக்கொண்டு போனார். அவரும் பழைய ஊசிக்காரர்தான். மையத்தில் டாக்டர் மாத்திரையின் பேரைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூப்ரினார்ஃபின். எந்தக் குப்பியை உடைத்து உடைத்து நரம்பு சுருண்டு போனேனோ, அதே மருந்து. “இன்னா சார், எங்களுக்கே இத விக்கிறீங்களா?” என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பொறுமையாகச் சொன்னார். துறைமுகத்து ஆள் என்பதால் எனக்கு அது எங்கள் பாஷையில்தான் புரிந்தது.

மூளையில் இந்தச் சரக்கு வந்து நிற்பதற்கென்று பெர்த் இருக்கிறது. ஹெராயின் கப்பல் வந்து நின்றால் முழுச் சரக்கையும் ஒரே மூச்சில் இறக்கும். தலை சொக்கும். நாலைந்து மணி நேரத்தில் கப்பல் போய்விடும். பெர்த் காலியானதும் வலி தொடங்கும். பூப்ரினார்ஃபின் கப்பல் பெர்த்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் சரக்கைப் பாதிதான், அதுவும் மெதுவாகத்தான் இறக்கும். ஒரு நாளுக்கு மேல் நிற்கும். அது நிற்கிறவரை வேறு கப்பல் வந்தாலும் இடமில்லை. அதனால் வலி இல்லை, சொக்கும் இல்லை, ஏங்கலும் குறையும். மனுஷன் எழுந்து வேலைக்குப் போகலாம். நரம்பில் ஏற்றினால் குபீர் என்று ஏறும்; நாக்குக்கு அடியில் வைத்தால் மெதுவாகக் கரைந்து நிதானமாகப் போகும். முழுங்கினால் ஈரலே அதை உடைத்துவிடும், பிரயோசனமில்லை. ஒரே மருந்துதான். எந்த வழியாக, எவ்வளவு, யார் கையால் வருகிறது என்பதில் இருக்கிறது விஷமும் வைத்தியமும்.

இது நேற்று முளைத்த வைத்தியம் அல்ல. நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் மெத்தடோன் என்ற மருந்தைத் தினமும் கொடுத்து ஹெராயின்காரர்களை எழுப்பி உட்கார வைத்ததை 1965இலேயே எழுதிவிட்டார்கள். பிரான்சில் 1995 வாக்கில் சாதாரண டாக்டர்களே பூப்ரினார்ஃபின் எழுதித் தரலாம் என்று ஆக்கினார்கள்; நாலைந்து வருஷத்தில் அளவு மீறிச் சாகிறவர்களின் எண்ணிக்கை அங்கே சரிந்து விழுந்தது. 2005இல் உலக சுகாதார நிறுவனம் இந்த இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவிலும் டெல்லி எய்ம்ஸில் 1990களிலேயே இந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அரசாங்கத் திட்டமாக வந்தது, எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், 2007க்கு அப்புறம்தான். அதுவும் ஊசிக்காரனைக் காப்பாற்ற என்பதைவிட, ஊசிக்காரனிடமிருந்து மற்றவர்களுக்கு எச்.ஐ.வி. பரவாமல் காப்பாற்ற. எப்படியோ வந்தது. என் கூட்டாளி செத்த 2003இல் மருந்து இருந்தது. அது அவன் இருந்த தெருவுக்கு வரவில்லை. ஒரு மருந்து டெல்லியிலிருந்து காலடிப்பேட்டைக்கு வர இத்தனை வருஷம் ஆகுமென்றால், அந்த இடைவெளியில் செத்தவர்களை என்ன கணக்கில் எழுதுவது?

மாத்திரை வந்தபிறகும் வாழ்க்கை லேசாகிவிடவில்லை. முதல் மாத்திரைக்கு முன்னால் உடம்பு வலியெடுத்துத் துடிக்க ஆரம்பிக்கிறவரை காத்திருக்கவேண்டும். முந்திப் போட்டால், பெர்த்தில் நிற்கிற பழைய கப்பலை இது மோதித் தள்ளிவிடும். ஒரே சமயத்தில் அத்தனை வலியும் வந்து விழும். அப்புறம் தினமும் போகவேண்டும். ஞாயிறு, பண்டிகை, அம்மா செத்த நாள், எதுவாக இருந்தாலும். வரிசையில் நிற்கவேண்டும். மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் போடுவார்கள். கரைகிறவரை வாயை மூடிக்கொண்டு அவர்கள் கண் முன்னாலேயே உட்கார வேண்டும். பிறகு வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டவேண்டும். நாற்பது வயசு ஆம்பிளை, பெண்டாட்டி பிள்ளை உள்ளவன், தினமும் வாயைத் திறந்து காட்டுவான்.

வெளியே எடுத்துப்போய் விற்றுவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அந்தக் காரணத்தை நான் மறுக்கவில்லை. நாங்கள் குப்பியை உடைத்தவர்கள்தானே. ஆனால் அதைச் செய்கிற கையில் இரண்டு விதம் இருக்கிறது. ஒரு நர்ஸ் எட்ட நின்று, விரல் படாமல், மேலேயிருந்து பொடியைக் கொட்டுவார். எனக்கு என் ஆயா சொன்ன கதை ஞாபகம் வரும். ஊரில் தண்ணி கேட்டால் குனிந்து கையை ஏந்தச் சொல்லி மேலேயிருந்து ஊற்றுவார்களாம். இன்னொரு நர்ஸ் வந்தார். “சாப்ட்டீங்களாண்ணே?” என்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரையைப் பொடிப்பார். அவர் இருந்த வருஷத்தில் எங்கள் வரிசையில் விட்டுப்போனவர்கள் குறைவு. இதற்கு ஆராய்ச்சி வேண்டாம், நான் கண்ணால் பார்த்தது.

இன்னொன்று கூலி. யார்டில் ஆள் எடுப்பது காலை ஆறரைக்கு. மையம் திறப்பது ஒன்பதுக்கு. மாத்திரைக்குப் போனால் வேலை போச்சு. வேலைக்குப் போனால் மாத்திரை போச்சு. “ஒழுங்கா வர்றதில்லை, இவங்களுக்கு அக்கறையில்லை” என்று பதிவேட்டில் எழுதுவார்கள். எங்கள் வயிற்றை அந்தப் பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? 2020இல் கொரோனா வந்து ஊரடங்கியபோதுதான் மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. எங்கள் வரிசையில் இருந்த பெரும்பாலானவர்கள் அதை ஒழுங்காகப் போட்டுக்கொண்டார்கள். அத்தனை வருஷம் எங்களை நம்ப முடியாது என்றவர்கள், ஒரு கிருமிக்குப் பயந்து நம்பினார்கள். நம்பியதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அந்த மையத்துக்குத் தினமும் போனதால்தான் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எச்.ஐ.வி. இல்லை. ஹெபடைடிஸ் சி இருந்தது. 2018இல் தொடங்கிய தேசிய திட்டத்தில் அதற்கு இலவச மருந்து கிடைத்தது. மூன்று மாசம் சாப்பிட்டுச் சுத்தமாகக் குணமானேன். மாத்திரை என்னை எழுப்பி அந்த வரிசையில் நிறுத்தாமல் இருந்திருந்தால், ஈரல் வெந்து செத்த அன்றைக்குத்தான் எனக்கு என்ன வியாதி என்று தெரிந்திருக்கும்.

இப்போது என் பொய்யைச் சொல்லவேண்டும். தினமும் காலையில் எங்கே போகிறாய் என்று ஜனங்கள் கேட்டபோது, “சுகர் மாத்திரை வாங்க” என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரிக்கு மட்டும் விஷயம் தெரியும். ஊருக்கு நான் சர்க்கரை நோயாளி. சங்கத்துக்கும் அப்படித்தான். 12 வருஷமாக எந்தக் கல்யாணத்திலும் என் இலையில் பாயசம் விழுந்ததில்லை. “அண்ணனுக்கு வைக்காதே, சுகரு” என்று பாசமாகத் தடுத்துவிடுவார்கள். டீக்கடையில் எனக்குச் சர்க்கரை இல்லாத டீ. எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. இனிப்பென்றால் உயிர். இதை அச்சில் வரும் முன் என் மகளிடம் சொன்னேன், காலேஜ் படிக்கிறவள். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “எல்லா கல்யாணத்துலயும் நா ரெண்டு வாட்டி வாங்கிக் குடிப்பேனே, உனக்கு ஆசையா இருந்திருக்குமேப்பா” என்றாள்.

சர்க்கரை நோய்க்காரன் ஆயுள் பூரா மாத்திரை போடுகிறான். “எப்போ நிறுத்தப் போறே?” என்று யாரும் கேட்பதில்லை. ரத்தக் கொதிப்புக்காரனை, “மனசுல உறுதியில்ல” என்று திட்டுவதில்லை. என்னிடம் மட்டும் விஷயம் தெரிந்த நாலு பேரும் அதையே கேட்கிறார்கள். “அதுவும் ஒரு போதைதானே? ஒண்ண விட்டு இன்னொண்ணுல தொங்கறே.” போதை என்பது எது? வீட்டுச் சாமானை விற்பது, பிள்ளையின் பால் காசைத் திருடுவது, ராத்திரி பகல் தெரியாமல் அடுத்த ஊசிக்கு அலைவது. இந்த மாத்திரை போட்ட 12 வருஷத்தில் நான் அலையவில்லை. வேலைக்குப் போனேன், பிள்ளையைப் படிக்க வைத்தேன். சிலர் ஒரு கட்டத்தில் டாக்டர் பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விட்டுவிடுகிறார்கள். நல்லது. சிலருக்கு முடியவில்லை. அதுவும் தப்பில்லை. உயிரோடிருப்பதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். ‘சுத்தம்’ என்கிற வார்த்தை எந்த ஆயுதம் என்று நமக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாக அதை வைத்துத்தான் நம்மைத் தெருவுக்கு வெளியே நிறுத்தினார்கள். அதே வார்த்தையை எடுத்து நாம் நம் பிள்ளைகளில் சிலரைச் சங்கத்துக்கு வெளியே நிறுத்தினோம். ‘அவன் கெட்டான், அவனால் நம்ம பேர் கெடுது’ என்றோம். பேப்பர்காரன் வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று பேரைப் போட்டுப் படம் போடும்போது வருகிற அவமானத்தை நான் அறிவேன். அதற்குப் பதில், அந்தப் படத்தில் இருக்கிற பையனைக் கைவிடுவது ஆகாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இதே மாத்திரையைத் தனியார் டாக்டர் சீட்டில் எழுதித் தருகிறார். பஞ்சாபில் 2017 அக்டோபரிலிருந்து அரசாங்கமே வெளிநோயாளி மையங்கள் திறந்து இந்த மாத்திரையைத் தருகிறது. நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் சங்கிலி?

அரசாங்கத்திலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. போதை மீட்பு என்பது ஒன்றியத்தில் சமூக நீதி அமைச்சகத்தின் கையில். நம்முடைய நலத்தையும் பார்க்கிற அதே அமைச்சகம்தான். மாத்திரை மையங்களோ சுகாதாரத் துறையின் எய்ட்ஸ் அமைப்பின் கையில். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது குறைவு. அந்தச் சமூக நீதி அமைச்சகம் 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பே, நாட்டில் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் சுமார் 8.5 லட்சம் பேர் என்று சொன்னது. தமிழ்நாட்டில் 2025இல் கலங்கரை என்ற பேரில் அரசு போதை மீட்பு மையங்கள் திறந்திருக்கிறார்கள். பேர் நல்ல பேர். கடலோரத்துக்காரனுக்கு அதன் அர்த்தம் தெரியும். கலங்கரை விளக்கம் ராத்திரியெல்லாம் எரியவேண்டும். கப்பல்காரன் யோக்கியனா என்று விசாரித்துவிட்டு எரியக்கூடாது.

சட்டமும் முழுக்க நமக்கு எதிராக இல்லை. 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. பழக்கத்துக்காக அல்லது சிறிய அளவு வைத்திருந்ததற்காக வழக்கு வாங்கியவன், அரசு அங்கீகாரம் பெற்ற இடத்தில் தானாக வைத்தியத்துக்குப் போனால், அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தையும் தனக்குள் சேர்த்துக்கொள்கிறது. அதன் 95ஆம் பிரிவு, யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக்கூடாது என்கிறது. இந்த இரண்டு எண்களையும் நம் வழக்கறிஞர்களும் மாணவர்களும் தெருத்தெருவாகச் சொல்லவேண்டும். ஆறரை மணி வேலைக்குப் போகிறவனுக்கு ஏற்றாற்போல மையம் திறக்கவேண்டும், வீட்டுக்கு மாத்திரை தரவேண்டும், நாலோக்சோன் தெருவில் கிடைக்கவேண்டும் என்று கேட்கவேண்டும். ரேஷனுக்கும் பட்டாவுக்கும் மறியல் செய்கிற நாம் இதற்கு ஒருநாளும் செய்ததில்லை.

அந்த ராத்திரிக்கு வருகிறேன். தங்கச்சியை உட்காரச் சொன்னேன். “காலைப் புடிக்க மாட்டேன்மா” என்றேன். அவள் அழுதாள். “அப்ப அவன் சாவட்டுமா?” என்றாள். மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். “வெஷத்துக்கு வெஷமா? இன்னாணா சொல்றே? எவன் போட்டு நல்லாக்கிறான்?”

என் பெண்டாட்டி கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். இனி மறைத்துப் பிரயோசனமில்லை. “நான் போடறேன். பன்னெண்டு வருசமா” என்றேன்.

“நீ சுகர் மாத்திரை தானே...”

முழுக்கைச் சட்டையை மடக்கிக் காட்டினேன். சுருண்டு, கறுத்துப்போன நரம்புகளை அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. போனை எடுத்து வண்டி வேண்டாம் என்றாள். முன்பணம் திரும்ப வரவில்லை.

மறுநாள் காலையில் பையனை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். யாரும் காலைப் பிடிக்கவில்லை. தன் காலாலேயே நடந்து வந்தான். உடம்பு முறுக்கி, மூக்கு ஒழுகி, கொட்டாவி மேல் கொட்டாவி விட்டுக்கொண்டு மத்தியானம் வரை படியில் உட்கார்ந்திருந்தான். முதல் மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்தில், “ணா, பசிக்கிது” என்றான். இட்லி வாங்கிக் கொடுத்தேன். எட்டு சாப்பிட்டான்.

நல்லபடியாக முடிந்தது என்று எழுத மாட்டேன். இரண்டாவது மாசம் நாலு நாள் வராமல் போனான். பழையபடி ஊசி. ஐந்தாவது நாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். மையத்தில் யாரும் விரட்டவில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அந்த விரட்டாமல் இருப்பதுதான் வைத்தியத்தில் பாதி. என் கூட்டாளிக்கு 2003இல் கிடைக்காத பாதி.

போன வாரம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். டீ போட்டாள். பழக்கத்தில் எனக்குச் சர்க்கரை போடாமல் டம்ளரை எடுத்து வந்தவள், பாதியில் நின்றாள். என்னைப் பார்த்தாள். திரும்பிப் போய் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தாள்.